மூன்று விரல் மருந்து

வுப்பர்டாலில் இருக்கிற தமிழருக்குள் ஜெர்மன்காரரின் வேட்டைச் சோதனையை எழுதித் தேறியவர் சிற்றம்பலம் ஒருவர்தான். அதுவும் இரண்டாம் முறையில். முதல் முறை நரிக்கு வரும் நோய்களைப் பற்றிய கேள்விகளில் கவிழ்ந்தார். "நரிக்குக் காய்ச்சல் வந்தால் அண்ணை என்ன, மருந்து கட்டப் போறாரோ" என்று கோயில் மடைப்பள்ளியில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் கார் ஓடும் சோதனைக்கு எத்தனை முறை போனார்கள் என்று கேட்டால் அந்தச் சிரிப்பு அடங்கியிருக்கும். சிற்றம்பலம் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை.

வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்தவர். அகதி விடுதி, பிறகு ஓர் இத்தாலியன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவல், அதே கடையில் பீட்சா அடுப்பு, கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹவுஸ்மைஸ்டர் வேலை. கதவு திறக்கிறது, பூட்டுகிறது, பல்பு மாற்றுகிறது, ஒழுகும் குழாயை இறுக்குகிறது எல்லாம் அவர்தான். அந்தப் பள்ளிக்கூடத்தில் மாலைநேரம் வேட்டைச் சோதனைக்கான வகுப்பு நடந்தது. வகுப்பு முடியாமல் கதவைப் பூட்ட முடியாது என்பதால் சிற்றம்பலம் கடைசி வாங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். படிப்பித்தவர் ஹால்பாக் என்கிற ஓய்வுபெற்ற பல் வைத்தியர். ஒருநாள் அவர் திரும்பிப் பார்த்து, "நீங்களும் சேர்ந்துவிடுங்கள், எப்படியும் இங்கேதானே இருக்கிறீர்கள்" என்று சொன்னார். சேர்ந்துவிட்டார்.

எல்லாரும் சோதனை தேறியதும் நல்ல இரட்டைக்குழல் துவக்கு வாங்குவார்கள். இவர் வாங்கியது குழலின் வாய்வழியாக வெடிமருந்து போட்டு, சன்னம் என்கிற சின்ன ஈயக் குண்டுகளைப் போட்டு, கம்பியால் இடித்துச் சுடுகிற பழைய தனிக்குழல். வன்னியில் அதற்கு இடியன் என்று பெயர். ஜெர்மனியில் அப்படியான தனிக்குழல் ஒன்றை வாங்குவதற்கு யாரும் அனுமதி கேட்கமாட்டார்கள். அதற்குள் போடும் கரிமருந்துக்குத்தான் தனியாக ஒரு படிப்பும் ஓர் அனுமதியும் வேண்டும். தீப்பெட்டியைச் சும்மா கொடுத்துவிட்டுக் குச்சிக்குக் கடிதம் கேட்பது போன்ற இந்தச் சட்டத்தில் சிற்றம்பலம் முதல் தடவையாகத் தலையைப் பிய்த்துக்கொண்டார். ஆனால் அந்தப் படிப்பையும் படித்தார்.

ஏன் இடியன் என்று கேட்டவர்களுக்கு அவர் ஒழுங்காக மறுமொழி சொன்னதில்லை. உண்மை இதுதான்: முப்பது வருடமாக அடுத்தவன் தின்ற கோப்பையையும் அடுத்தவன் உடைத்த கதவையும் பார்த்துக்கொண்டிருந்த மனிதனுக்கு, தானே அளந்து, தானே இடித்து, தானே சுடுகிற ஒரு பொருள் கையில் கிடைத்தது பெரிய சந்தோஷமாக இருந்தது. வீட்டில் ஆளில்லாத நேரம் அதை எடுத்துத் துடைத்துத் துடைத்து வைப்பார். பிள்ளைகள் படித்து வேறு ஊர்களுக்குப் போனபின் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது அந்தத் துவக்கு வந்த பிறகுதான்.

சுலோஜனாவுக்கும் அது தெரியும். அவர் மனைவி மச்சம் மாமிசம் தொடமாட்டாள். ஆனால் அவருக்குச் சமைத்துக் கொடுப்பாள், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வயோதிபர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. துவக்கு வீட்டுக்கு வந்த அன்று அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் ஒண்டுதான் சொல்லுவன்," என்றாள். "சுட்டால் அந்த இடத்திலயே விழ வேணும். காயத்தோட ஓட விட்டீங்கள் எண்டால், அதோட இந்தத் துவக்கு வீட்டில இருக்கக் கூடாது."

"என்னப்பா இது, ஆரும் வேணுமெண்டு ஓட விடுவினமே?"

"வேணுமெண்டோ வேண்டாமெண்டோ எனக்குத் தெரியாது. இழுத்துக்கொண்டு கிடக்கிற உயிரை நான் வேலையில ஒவ்வொரு நாளும் பாக்கிறன். இது எங்கட வீட்டாலயும் நடக்க வேண்டாம். ஓமெண்டு சொல்லுங்கோ."

"ஓம்," என்றார் சிற்றம்பலம். அவள் சாமியறையைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னார்.

ஹால்பாக் வேட்டை உரிமை எடுத்திருந்த நிலம் ஊருக்கு வெளியே ஒரு மரக்கன்றுத் தோட்டத்தின் சரிவில் இருந்தது. அங்கே முயல்கள் மண்ணைக் குடைந்து, இளங்கன்றுகளின் பட்டையைச் சுற்றிவர உரித்துத் தின்றன. தோட்டக்காரர் தினமும் ஹால்பாக்குக்குத் தொலைபேசி எடுத்து அழாக்குறையாகப் புலம்பினார். அந்தப் பக்கத்தில் இடியனால் முயல் சுடத் தடை இல்லை என்பதை ஹால்பாக் அரசாங்கக் கந்தோருக்கு எழுதிக் கேட்டு வைத்திருந்தார். கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வரலாம் என்று சிற்றம்பலத்துக்குச் சொன்னார். அதிலிருந்து பிடித்தது குழப்பம்.

முயல் சின்னப் பிராணி. அதற்கு எவ்வளவு மருந்து, எந்த அளவுச் சன்னம்? ஒரு சின்னக் கேள்விதான். ஆளுக்கொரு மறுமொழி வந்தது.

ஹால்பாக் சொன்னார்: "ஒரே கரண்டி. அதில் ஒரு கரண்டி மருந்து, அதே கரண்டியால் ஒரு கரண்டி சன்னம். இது என் தாத்தா காலத்திலிருந்து சரி." சாமான் வாங்கப் போன துவக்குக் கடையில் நின்ற பொடியன் இல்லையென்று தலையாட்டினான்: மருந்தைக் குறைத்துச் சன்னத்தைக் கூட்டினால்தான் முயலுக்கு நல்லது. கோயிலுக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தாரகன் வாழ்நாளில் துவக்கைத் தொட்டவன் இல்லை. ஆனால் கைத்தொலைபேசியில் அமெரிக்கக்காரரின் வீடியோக்களைக் கரைத்துக் குடித்தவன்.

"அண்ணை, கிராம் கணக்கை விடுங்கோ. அங்க எல்லாம் கிரெயின் கணக்குத்தான். ஆறாம் நம்பர் சன்னம் போடுங்கோ, கண்ணை மூடிக்கொண்டு சுடலாம்."

"கண்ணை மூடிக்கொண்டு சுட்டால் உன்ர கடைக்குள்ளதான் போய் விழும்," என்றார் சிற்றம்பலம். ஆனால் வீட்டுக்குப் போய்க் கிரெயினைக் கிராமாக்கிப் பார்த்தார். அது ஹால்பாக்கின் கரண்டியோடு ஒத்துவரவில்லை. சன்னத்தின் நம்பரைப் பார்த்தால், இங்கிலாந்துக்காரனின் ஆறும் இங்கத்தைய ஆறும் ஒன்றில்லையாம், மில்லிமீட்டரில்தான் பார்க்க வேண்டுமாம். சின்னச் சன்னம் போட்டால் நிறையப் படும், ஆனால் ஆழம் போகாது. பெரிய சன்னம் ஆழம் போகும், ஆனால் சன்னங்களுக்கு இடையில் முயல் தப்பிப் போய்விடும். மருந்தைக் கூட்டினால் வேகம் வரும், ஆனால் சன்னம் சிதறி நடுவில் ஓட்டை விழும். குறைத்தால் சன்னம் ஒன்றாகப் போகும், ஆனால் வலு குறையும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் வெளியே வருகிற சின்னப் போர்வையாக இருந்தது அந்தக் கணக்கு. இது போதாதென்று தோட்டத்தில் ஒரு குளமும் இருந்தது. குளத்துக்குக் கிட்ட ஈயச் சன்னம் கூடாது. எவ்வளவு கிட்ட என்பதிலும் இரண்டு பேருக்கு இரண்டு கதை. கடைசியில் குளத்திலிருந்து நன்றாக எட்டத் தள்ளியுள்ள மேட்டுச் சரிவில் நிற்பதென்று முடிவாகி அந்த ஒன்று மட்டும் தீர்ந்தது.

பத்துப் பேர் கூடினால் பாம்பும் சாகாது என்பார்கள். இங்கே முயலே சாகாது போலிருந்தது. சிற்றம்பலம் இரவு சாப்பிடும்போது சோற்றுக்கு மேல் விரலால் கோடு கீறிக்கொண்டிருந்தார். சுலோஜனா பார்த்தும் பாராததுபோல் இருந்தாள். அவருக்கு உள்ளுக்குள் பயம். ஒரு முயல் காயத்தோடு ஓடினால் துவக்குப் போய்விடும். அவள் சொன்னால் சொன்னதுதான்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நின்றவருக்குக் கடைசியில் ஊர்க் கணக்கு கை கொடுத்தது. வன்னியில் யாரும் கிராமும் பார்த்ததில்லை, கரண்டியும் வைத்திருந்ததில்லை. மருந்தைக் கொட்டி, அதன் மேல் தேங்காய் நார்த் தும்பை அடைத்து இடித்து, சன்னத்தைப் போட்டு, அதன் மேலும் கொஞ்சத் தும்பை அடைத்து இடிப்பார்கள். பிறகு இடிகம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்ப்பார்கள். கம்பியும் குழலும் ஒரே நீளம். உள்ளே இருக்கிற சரக்கின் உயரத்துக்குக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நீட்டத்தை விரல் வைத்து அளப்பார்கள். முயலுக்கு மூன்று விரல், பன்றிக்கு அதற்கு மேல். அந்த மூன்று விரலுக்கு விழாத முயல் கிடையாது என்பது ஊர்ப் பேச்சு. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை விட்டுவிட்டு இவ்வளவு நாளும் கரண்டியோடும் கிரெயினோடும் மாரடித்தேனே என்று அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

சுடுகளத்துக்குப் போய் அந்த அளவில் ஒன்றை இடித்தார். தும்பு கிடையாது. கடையில் வாங்கிய கம்பளித் தக்கை, விரல் தடிப்பில் வட்டமாக வெட்டியது, அதைப் போட்டார். மூன்று விரல் வரும்வரை மருந்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துச் சரிப்படுத்தினார். ஹால்பாக் குனிந்து பார்த்தார்.

"மருந்து குறைவாகத் தெரிகிறதே, ஹெர் சிற்றம்பலம்."

"எங்கள் ஊரில் இதுதான் அளவு."

அதற்கு முன் ஹால்பாக்கின் கரண்டி அளவில் ஒன்று சுட்டிருந்தார்கள். கடதாசியில் சன்னங்கள் ஓரமெல்லாம் சிதறி, நடுவில் வெறுமையாக ஒரு வட்டம். ஒரு முயல் அதற்குள் படுத்து நித்திரை கொள்ளலாம். இப்போது மூன்று விரல். புகை கலைந்ததும் இரண்டு பேரும் நடந்துபோய்ப் பார்த்தார்கள். கடதாசியில் வரைந்திருந்த முயலின் உடம்பு முழுக்க, அம்மை போட்ட மாதிரி, நெருக்கமாகச் சன்னம் பட்டிருந்தது. இன்னொன்று சுட்டார்கள். அதுவும் அப்படியே.

ஹால்பாக் மூக்கைச் சொறிந்தார். "கடதாசி மிக அழகாக இருக்கிறது," என்றார். "ஆனால் எனக்கு விளங்கவில்லை. ஒரு பலகையில் சுட்டு எவ்வளவு ஆழம் போகிறதென்றும் பார்ப்போமா?"

சிற்றம்பலத்துக்கு அதுவரைக்கும் இருந்த குழப்பமெல்லாம் ஒரே கடதாசியில் தீர்ந்துபோயிருந்தது. தீர்ந்ததை மறுபடி கிளற அவருக்கு மனம் வரவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆள் அவர் இல்லை. வாழ்க்கையில் பெரும்பாலும் மற்றவர்கள் சொன்னதற்குத் தலையாட்டியவர். அன்றைக்கு மட்டும் நின்றார். "பலகை வேண்டாம். இதுதான் சரி," என்றார். ஹால்பாக்கும் தோளைக் குலுக்கி விட்டுவிட்டார். அந்த அளவு மருந்தைச் சின்னக் குப்பிகளில் அடைத்து எடுத்துக்கொண்டு சிற்றம்பலம் வீட்டுக்கு வந்தார். அன்றிரவு சோற்றில் கோடு கீறாமல் சாப்பிட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் மேகம் மூடிக் கிடந்தது. ஹால்பாக்கும் அவருடைய கிழட்டு நாய் அஸ்ராவும் மேலே நின்றார்கள். சிற்றம்பலம் சரிவின் நடுவில், வெட்டிப்போட்ட கிளைக் குவியல்களுக்கு எதிரே, ஒரு மரக்கட்டையில் முழங்கையை ஊன்றிக் குந்தியிருந்தார். கை குளிர்ந்து விறைத்தது. ஒரு முயல் பற்றைக்குள்ளிருந்து வெளியே வந்து, முன்னங்காலைத் தூக்கி முகத்தைத் துடைத்தது. தூரம் சுடுகளத்தில் சுட்ட தூரம்தான். குறி சரி என்று அவருக்கு நன்றாகத் தெரியும். விசையை இழுத்தார்.

இடியனின் புகை லேசுப்பட்டதல்ல. வெள்ளையாக ஒரு மதில் எழும்பி அவருக்கும் முயலுக்கும் நடுவில் நின்றது. காற்றும் இல்லை. புகைக்குக் கீழே ஏதோ ஒன்று பின்பக்கம் தாழ்ந்து, பக்கவாட்டில் இழுபட்டுப் போனதுபோல ஒரு கணம் தெரிந்தது. தெரிந்ததா, தெரிந்த மாதிரி இருந்ததா என்று அவருக்கே பிடிபடவில்லை. புகை கலைந்தபோது அந்த இடத்தில் புல்தான் இருந்தது.

ஹால்பாக் இறங்கி வந்தார். அஸ்ரா முகர்ந்து முகர்ந்து சுற்றியது, ஒரு கிளைக் குவியலைச் சுற்றிப் போய்த் திரும்பி வந்தது, பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு படுத்துவிட்டது. இரத்தம் இல்லை. மயிர் இல்லை. மழை தூறத் தொடங்கியது.

"தவறிவிட்டது," என்றார் ஹால்பாக். "எல்லோருக்கும் நடப்பதுதான்."

"காலை இழுத்ததுபோல் இருந்தது."

"புகையில் யாருக்கு என்ன தெரியும்? நாளை காலை நான் வேறு நாயோடு வந்து ஒருமுறை பார்க்கிறேன். வீட்டுக்குப் போங்கள்."

கார் ஓடி வருகிற வழியெல்லாம் சிற்றம்பலத்தின் மனம் இரண்டு பக்கமும் இழுபட்டது. தவறிவிட்டது என்று ஹால்பாக்கே சொல்லிவிட்டார். முப்பது நாற்பது வருடம் வேட்டையாடிய மனிதர். அவர் சொன்னதை அப்படியே சுலோஜனாவிடம் சொன்னால் பொய்யாகாது. துவக்கும் வீட்டில் இருக்கும். அப்படியே சொல்வதென்று தீர்மானித்துக்கொண்டுதான் கதவைத் திறந்தார்.

"விழுந்ததோ?" என்று குசினியிலிருந்து கேட்டாள்.

"தெரியேல்லை," என்றார். வாயிலிருந்து அதுதான் வந்தது.

அவள் வெளியே வந்தாள். "தெரியேல்லை எண்டால்? பட்டதோ, படேல்லையோ?"

"தவறிப்போச்செண்டு ஹால்பாக் சொல்லுறார். எனக்குக் காலை இழுத்த மாதிரி இருந்தது. புகையில ஒண்டும் விளங்கேல்லை, சுலோ. எனக்கு உண்மையாத் தெரியேல்லை."

சுலோஜனா எரிந்துகொண்டிருந்த அடுப்பை நூர்த்தாள். "ஜக்கெற்றைக் கழட்டாதேங்கோ," என்றாள்.

"நீர் ஏன் வாறீர்? நான் போறன்."

"உங்களுக்குத்தானே ஒண்டும் தெரியேல்லையாம். ரோச் லைற்றை எடுங்கோ."

ஹால்பாக்குக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போனார்கள். மைமலாகி இருட்டுப் படுகிற நேரம். மழை நின்றிருந்தது. சிற்றம்பலம் சரிவில் ரோச் லைற்றை அடித்து அடித்து நடந்தார். சுலோஜனா நடக்கவில்லை. ஒவ்வொரு கிளைக் குவியலுக்குப் பக்கத்திலும் குந்தி, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் இருந்தாள். இரவு வேலையில் இருட்டு அறைகளின் வாசலில் நின்று மூச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள். நாய் சுற்றிப்போன குவியலின் மறுபக்கத்தில் கையைக் காட்டினாள்.

"இஞ்ச கிடக்கு," என்றாள் மெதுவாக. "உயிர் இருக்கு."

முள்ளும் சுள்ளியுமாக இருந்ததை விலக்கி, கையை உள்ளே விட்டு, மீனைக்கூடத் தொடாதவள் அந்த முயலை வெளியே எடுத்தாள். பின்னங்கால்கள் இரண்டும் தொய்ந்து கிடந்தன. கண் திறந்திருந்தது. அவள் அதை மடியில் அசையாமல் பிடித்துக்கொண்டு, "முடியுங்கோ," என்றாள். சிற்றம்பலம் வகுப்பில் காட்டித் தந்தபடி கையின் ஓரத்தால் பிடரியில் ஓங்கி ஓர் அடி அடித்தார். முடிந்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை. அவருக்குத்தான் கண் கலங்கியது.

ரோச் வெளிச்சத்தில் முயலின் மயிரை விலக்கிப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் சன்னம். கடதாசியில் பட்ட மாதிரியே நெருக்கமாகப் பட்டிருந்தது. ஆனால் ஒன்றைத் தவிர எதுவும் ஆழமாக உள்ளே போகவில்லை. மற்றதெல்லாம் தோலுக்குக் கீழே, விரலால் உருட்டக்கூடிய மாதிரி நின்றன. முதுகெலும்பின் அடியில் பட்ட அந்த ஒன்றுதான் காலை விழுத்தியிருந்தது.

அவர் அந்தச் சன்னம் ஒன்றை விரலால் உருட்டிக்கொண்டு அப்படியே இருந்தார். தும்பு. ஊரில் தும்பை இடித்தால் கடதாசித் தடிப்புக்குத் தட்டையாகிவிடும். மூன்று விரலில் பெரும்பகுதி மருந்தாகவே இருக்கும். இவர் போட்டது அமுங்காத கம்பளித் தக்கை. மூன்று விரலில் ஒரு விரலைத் தக்கையே தின்றுவிட்டது. விரலை அளந்தாரே தவிர மருந்தை அளக்கவில்லை. குறைந்த மருந்து என்பதால்தான் கடதாசி அவ்வளவு அழகாக இருந்தது.

திரும்பி வரும்போது எல்லாவற்றையும் சுலோஜனாவுக்குச் சொன்னார். தும்பு, தக்கை, விரல், கரண்டி, சன்னத்தின் மில்லிமீட்டர், இனி எவ்வளவு போட வேண்டும் என்பது வரைக்கும். கிழமைக்கணக்கில் தலைக்குள் சுற்றியதெல்லாம் இப்போது ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அவள் கடைசிவரைக்கும் கேட்டாள்.

"விளங்குது," என்றாள். "இனிச் சரியா வரும்."

சிற்றம்பலத்துக்கு நெஞ்சுக்குள் ஒரு சின்ன நப்பாசை எழும்பியது. கியரை மாற்றிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு இனி எண்டு ஒண்டு இருக்கு," என்றாள் அவள். "அதுக்கு இல்லையே."



ஞாயிற்றுக்கிழமை காலை சிற்றம்பலம் துவக்கை உறையில் போட்டு, மிஞ்சிய மருந்துக் குப்பிகளையும் எடுத்துக்கொண்டு ஹால்பாக் வீட்டுக்குப் போனார். ஹால்பாக் நாயின் கழுத்துப்பட்டியைக் கையில் பிடித்தபடி புறப்பட ஆயத்தமாக நின்றார். சிற்றம்பலம் முயல் கிடைத்த கதையைச் சொன்னார். என்ன அளவு போட வேண்டும் என்பதையும், ஏன் என்பதையும் சொன்னார். ஹால்பாக்கின் முகம் மலர்ந்தது.

"அப்படியானால் கண்டுபிடித்துவிட்டீர்கள். வரும் சனிக்கிழமை அதைப் போட்டுப் பார்ப்போம்."

"நீங்கள் போட்டுப் பாருங்கள்," என்று சிற்றம்பலம் துவக்கை அவர் கையில் கொடுத்தார். "நான் தேடுவதற்கு வருகிறேன்."